வேலூர் வெயிலில் சாமந்தி: குச்சி நடுவதிலிருந்து கார்த்திகைப் பூ வரை

தோட்டக்கலை நூல்கள் பலவும் சாமந்தியை உறைபனிக்கு அஞ்சும் செடியாகவே எழுதியிருக்கும். இலையுதிர் காலத்தில் பூத்து முடித்ததும் வேரடியை வைக்கோலால் மூடுங்கள், பனி விழுவதற்குள் தொட்டியை உள்ளே எடுத்து வையுங்கள், வசந்தம் பிறந்ததும் வெளியே நடுங்கள் என்று போகும் அந்த அறிவுரை. குளிர்நாட்டுக்காரர்கள் தங்களுக்காக எழுதிக்கொண்டது அது. வேலூரில் அதை நம்பி உட்கார்ந்தால் செடி மிஞ்சாது. நமக்கு இலையுதிர் காலமும் இல்லை, உறைபனியும் இல்லை. "நீரில்லா ஆறு, மரமில்லா மலை" என்று நாமே கேலி பேசிக்கொள்ளும் ஊர் இது. இங்கே சாமந்தியைக் கொல்பவை இரண்டு: சித்திரை வெயில், ஐப்பசியில் வேரடியில் தேங்கும் தண்ணீர். இவற்றைத் தாண்ட வைத்துவிட்டால் மற்றவை எல்லாம் சில்லறை வேலைகள்தான்.

முதலில் நாள்கணக்கு

சாமந்தி குறும்பகல் செடி. இரவு நீள நீள மொட்டு வைக்கும். பகலின் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள தொடர்பை கார்னர், அலார்ட் என்ற இரண்டு அமெரிக்க அறிவியலாளர்கள் 1920-இல் வெளியிட்டார்கள். பூ வியாபாரத்தையே மாற்றிய செய்தி அது. இன்று ஓசூர்ப் பக்கம் இரவில் சாமந்திக்கு விளக்கு எரிப்பது அந்தக் கணக்கை வைத்துத்தான்: வெளிச்சம் இருக்கும்வரை செடி மொட்டு வைக்காமல் வளர்ந்துகொண்டே இருக்கும், விளக்கை அணைத்த பிறகுதான் பூக்கத் தயாராகும்.

பொதுவாகப் பகல் பதின்மூன்றரை மணி நேரத்துக்குக் கீழே வந்தால் மொட்டுக்கான தூண்டுதல் கிடைத்துவிடும் என்பார்கள். நம் ஊரிலோ ஜூன் மாதத்தின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. டிசம்பரில் பதினொன்றரை மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. அதாவது நம் சாமந்திக்கு ஆண்டு முழுவதும் பூக்க அனுமதி உண்டு. வெயிலின் சூடுதான் அதைத் தடுத்துப் பிடித்திருக்கிறது. ஆவணிக்குப் பிறகு இரவு சற்றே குளிரத் தொடங்கியதும் கையளவுச் செடிகூட மொட்டு வைக்கப் பார்க்கும். எனவே நட்ட முதல் இரண்டு மாதங்களுக்குள் செடியைப் புதராக்கிவிட வேண்டும். அதைத் தவற விட்டால் பிறகு எந்த உரம் போட்டும் ஈடுகட்ட முடியாது.

எந்தப் பண்டிகைக்குப் பூ வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். நட்டதிலிருந்து நல்ல பூ வர மூன்றரை முதல் நான்கு மாதம் ஆகும். ஆயுத பூஜைக்குப் பூ வேண்டுமானால் ஆனி பிறந்ததும் நடவு முடிந்திருக்க வேண்டும். அதற்குக் குச்சியை அக்னி நட்சத்திர வெயிலில் வேர்விட வைக்க வேண்டியிருக்கும். அந்த வம்பு வேண்டாம். ஆயுத பூஜைக்குக் கடையில் வாங்குவதே மேல். கார்த்திகை தீபத்துக்கு என்றால் ஆடியில் நடலாம். ஆடிப் பட்டம் தேடி விதை என்பது சாமந்திக்கும் பொருந்தும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் புறப்படும் நாள்களில் உங்கள் நாற்றும் பாத்திக்குப் போய்விட்டால் சரியான காலம். பொங்கலுக்கு என்றால் ஆவணிக் கடைசி.

என் யோசனை: பாதியை ஆடியிலும் மீதியை ஆவணிக் கடைசியிலும் நடுங்கள். முதல் பாதி புயல் மழையில் அடிபட்டாலும், இரண்டாவது பாதி மார்கழிக் குளிரில் பூக்கும். ஆண்டின் சிறந்த பூ மார்கழிப் பூதான். நிறம் அழுத்தமாக இருக்கும், செடியில் நாள்கணக்கில் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. மொட்டை மாடியிலோ மதிலோரத்திலோ தெருவிளக்கு நேராக விழும் இடத்தில் தொட்டியை வைக்காதீர்கள். செடி தளதளவென்று வளரும், பூ மட்டும் தள்ளிப்போகும். "உரம் போதவில்லை" என்று மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பவர்கள் ஒருமுறை இரவு ஒன்பது மணிக்கு மாடிக்குப் போய்ப் பார்ப்பது நல்லது.

எந்த வகை

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1, எம்.டி.யு 1 இரண்டும் மஞ்சள் பூ. மாலைக்கும் பூஜைக்கும் ஏற்றவை. பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட இந்திரா, ரெட் கோல்டு போன்றவையும் உண்டு. வெள்ளைக்கு விவசாயிகளிடம் பூர்ணிமா என்ற பெயரைக் கேட்கலாம். நர்சரியில் பெயர்ச்சீட்டு இல்லாமல் "மஞ்சள் சாமந்தி" என்றுதான் பெரும்பாலும் விற்பார்கள். அது குற்றமில்லை. ஆனால் செண்டுமல்லி நாற்றைத் தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செண்டுமல்லி இலை இறகுபோலப் பிளந்திருக்கும். சாமந்தி இலை ஒற்றை இலை, ஓரம் மட்டும் வெட்டுப்பட்டிருக்கும்.

வகையைத் தேர்வு செய்யும்போது நிறத்தைவிடப் பூவின் வடிவத்தைப் பாருங்கள். உருண்டு திரண்ட பெரிய பூ மழைநீரைக் கடற்பாசிபோலப் பிடித்துக்கொள்ளும். இரண்டு நாள் தூறலில் நடு இதழ்கள் பழுப்பாகி அழுகிவிடும். சின்னப் பொத்தான் பூவும் ஒற்றை அடுக்குப் பூவும் நீரை உதறிவிடும். ஆகவே திறந்த பாத்திக்குச் சின்னப் பூ. பெரிய பூ வேண்டுமென்றால் தொட்டியில் வைத்து, மழைக்குத் தாழ்வாரத்துக்கு நகர்த்திக்கொள்ளுங்கள்.

குளிர்காலத்தில் கடைவாசலில் பூத்துக் குலுங்கும் குட்டைச் செடியைப் பார்த்து மயங்கி வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. பசுமைக்குடிலில் வளர்த்து, உயரத்தைக் கட்டுப்படுத்தும் மருந்து தெளித்து விற்பனைக்கு அனுப்பும் செடிகள் அவற்றில் நிறைய. வாங்கிய பூ வாடியதும் செடி செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்கும். ஆனால் அடுத்த ஆண்டு அது அந்தக் குட்டை உருவத்தில் இருக்காது, தன் இயல்பான உயரத்துக்குப் போகும். அதைத் தாய்ச்செடியாக வைத்துக்கொள்ளலாம்.

குச்சி எடுத்தல்

விதை போட்டு வளர்த்தால் தாய்ச்செடியின் பூ அப்படியே வராது. எனவே நுனிக்குச்சி அல்லது பழைய செடியின் அடியிலிருந்து கிளம்பும் வேர்க்கன்று. கன்று சுலபம்: களைக்கொத்தால் வேரோடு பெயர்த்து நட்டால் போதும். எண்ணிக்கை அதிகம் வேண்டுமானால் குச்சிதான் வழி. நோயும் அதில்தான் குறைவு, ஏனென்றால் பழைய மண் கூடவே வருவதில்லை.

மொட்டு வைக்காத இளந்தண்டின் நுனியில் மூன்று விரற்கடை நீளம், ஏறத்தாழ 7 செ.மீ. வெட்டுங்கள். தண்டை வளைத்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் முற்றிவிட்டது என்று பொருள், அது மெதுவாகவே வேர்விடும். கணுவுக்குச் சற்றுக் கீழே கூரான பிளேடால் நறுக்கி, கீழ்ப்பாதி இலைகளைக் கிள்ளிவிடுங்கள். வேர்விடும் பொடி கிடைத்தால் வெட்டுவாயைத் தொட்டு எடுக்கலாம். இல்லாவிட்டாலும் சாமந்தி கோபித்துக்கொள்ளாது.

ஊன்றும் மணலில்தான் பலருக்குத் தோல்வி தொடங்குகிறது. பாலாற்று மணல் இப்போது எளிதில் கிடைக்கிற பொருளாக இல்லை. கட்டடத்துக்குப் போடும் எம்-சாண்டில் கல்தூள் கலந்திருக்கும். அப்படியே போட்டால் இறுகிப்போகும். பக்கெட்டில் போட்டு, கலங்கல் தெளியும்வரை அலசிய பிறகே பயன்படுத்துங்கள். தேங்காய் நார்க்கழிவுக் கட்டியிலும் உப்பு இருக்கும். அதை ஊறவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டி, மறுபடி ஊறவைத்து, மூன்றாம் தண்ணீரும் வடித்த பிறகு பிழிந்து எடுங்கள். இரண்டையும் சம அளவில் கலந்து, அடியில் துளையுள்ள தட்டில் நிரப்பி, இரண்டு விரல் இடைவெளியில் குச்சிகளை ஊன்றுங்கள்.

தட்டை வெளிச்சமான நிழலில் வையுங்கள்; மாமரத்தடி பொருத்தம். காலையும் மாலையும் லேசாகத் தெளிப்பு போதும், ஊற்றக் கூடாது. முதல் சில நாள்கள் தலை தொங்கும், பிறகு நிமிரும். இரண்டு, மூன்று வாரத்தில் ஒரு குச்சியை மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள். இழுவைக்கு எதிராகப் பிடித்தால் வேர் இருக்கிறது. வெள்ளை வேர் ஒரு விரற்கடை நீண்டதும் நடவுக்குத் தயார்.

மண்ணும் தண்ணீரும்

சாமந்திக்கு நல்ல வெயில் வேண்டும். ஒரு நாளில் ஆறு மணி நேரம் வந்தால் போதும். அது காலை வெயிலாக இருப்பது நல்லது, ஏனென்றால் நம் ஊரில் பாறைக் குன்றுகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை மாலையில் திருப்பிக் கொடுக்கும். மேற்கு மதிலுக்கு அடியில் நட்ட செடி தண்ணீர் இருந்தும் வாடும்.

நம் பக்கத்துச் செம்மண் இதற்கு ஏற்றது. வீட்டுமனையில் கட்டடக் கழிவும் சுண்ணாம்பும் கலந்திருந்தால் முதலில் பொறுக்கி எடுங்கள். கார அமில நிலை 6 முதல் 7 வரை இருந்தால் இந்தச் செடிக்கு வசதி. தரைமட்டத்தில் பாத்தி போடவே போடாதீர்கள். முக்கால் அடியிலிருந்து ஒரு அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி, இரு பக்கமும் நீர் ஓடும் வாய்க்கால். சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிலோ மக்கிய தொழுவுரம், அதோடு ஒரு கை வேப்பம் புண்ணாக்கு. தொழுவுரத்தில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து, ஈரப்படுத்தி நிழலில் ஒரு வாரம் மூடி வைத்துப் போட்டால் வேரழுகலுக்கு அது முன்காப்பு. தொட்டிக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய எரு, ஒரு பங்கு அலசிய நார்க்கழிவு. பத்து அங்குலத் தொட்டியில் ஒரு செடி.

இனித் தண்ணீர். வட ஆற்காட்டில் செடி வளர்க்கிற எவரும் இதைத் தவிர்த்துப் பேச முடியாது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் எனத் தோல் பதனிடும் ஊர்கள் பாலாற்றுப் படுகையிலேயே இருக்கின்றன. கழிவுநீர் நிலத்தடி நீரைக் கெடுத்ததைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பு வழங்கி, மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்றது. ஆனால் உப்பு தீர்ப்பைப் படித்துவிட்டு வெளியேறிவிடாது. இந்தப் பகுதிகளில் பல ஆழ்துளைக் கிணறுகளின் நீர் இன்னும் உவர்ப்பாகத்தான் இருக்கிறது. சாமந்தி அதற்கு எளிதில் பணிந்துவிடும் செடி.

அடையாளம் காண்பது எளிது. தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு படியும். கீழ் இலைகளின் ஓரம் மட்டும் தீய்ந்ததுபோலப் பழுப்பாகும், நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும். பலர் இதைத் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று நினைத்து அதே உப்புநீரை மேலும் ஊற்றுவார்கள். தீர்வு வேறு: வாரம் ஒருமுறையாவது மழைநீரோ குழாயில் வரும் காவிரிக் கூட்டுக் குடிநீரோ தொட்டி அடித்துளையில் வழிந்தோடும்வரை விட்டு, சேர்ந்த உப்பைக் கழுவி இறக்குங்கள். வீட்டுக் குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் இருந்தால் சாமந்திக்கு மட்டும் வேண்டாம்; உப்பு கூடுதலாக இருப்பது அதில்தான். சந்தேகம் இருந்தால் விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் மண், நீர்ப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

நடவு

மாலை நான்கு மணிக்கு மேல் நடுங்கள். லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நன்மை பாக்டீரியாப் பொடி) கரைத்த நீரில் வேரை அரை மணி நேரம் நனைத்துவிட்டு, செடிக்குச் செடி ஒரு அடி விட்டு, நாற்றுத் தட்டில் இருந்த அதே ஆழத்துக்கு நடுங்கள். ஆழமாகப் புதைத்தால் கழுத்து அழுகும். நட்டவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் ஒன்று. பிறகு மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்தால்தான் அடுத்தது. ஆவணிக் கடைசியில் நடுவதானால் இடைவெளியை முக்கால் அடியாகக் குறையுங்கள். அந்தச் செடிகள் அவ்வளவு படராது.

கிள்ளுதல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பேன் என்பவர் இதைப் படிக்கட்டும்.

நட்டு நான்கு வாரம் ஆனதும் செடியில் ஏழெட்டு இலைகள் விரிந்திருக்கும். தண்டின் உச்சியில் இன்னும் பிரியாத இரண்டு குட்டி இலைகளோடு ஒரு பச்சைக் குருத்து இருக்கும். அதைக் கட்டைவிரல் நகத்துக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்து நறுக்கென்று கிள்ளுங்கள். கிள்ளிய இடத்தில் ஒரு துளி ஈரம் தெரியும். விரலில் சாமந்தி வாசனை ஏறும். ஒரு வாரத்துக்குள் கீழே இலைக்கக்கங்களில், அதாவது இலை தண்டோடு சேரும் இடங்களில், மிளகளவு முளைகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு கிளை. அந்தக் கிளைகள் நான்கைந்து இலை விட்டதும், மூன்று வாரம் கழித்து, அவற்றின் நுனிகளையும் கிள்ளுங்கள். ஒற்றைத் தண்டு இப்போது இருபது நுனிகள் உள்ள புதர்.

வீட்டில் பெரியவர்கள் "பூக்கப்போகிற நுனியை ஏன் ஒடிக்கிறாய்" என்று கேட்பார்கள். பாதிச் செடிகளைக் கிள்ளாமல் விட்டுக் கார்த்திகையில் காட்டுங்கள், விவாதம் முடிந்துவிடும்.

எப்போது நிறுத்துவது என்பதுதான் நுட்பம். பூ வேண்டிய நாளுக்கு ஏறத்தாழ மூன்று மாதம் முன்பே கடைசிக் கிள்ளலை முடித்துவிடுங்கள். கார்த்திகை தீபத்துக்கு என்றால் ஆவணிக் கடைசியோடு சரி. ஆவணியில் நட்ட செடிக்கு ஒரே கிள்ளல் போதும்.

மொட்டு வந்த பிறகு இன்னொரு தேர்வு இருக்கிறது. பெரிய ஒற்றைப் பூ வேண்டுமானால் கிளை உச்சியில் நடுமொட்டை விட்டுவிட்டுச் சுற்றி வரும் சிறு மொட்டுகளைப் பட்டாணி அளவு ஆவதற்குள் எடுத்துவிடுங்கள். கொத்தாகப் பூக்க வேண்டுமானால் நேர்மாறு: நடுமொட்டை எடுங்கள், பக்கத்தில் உள்ளவை ஒரே நேரத்தில் விரியும். மாலைக்கு வளர்ப்பவர் எதையும் எடுக்கத் தேவையில்லை.

உணவு

மொட்டு தெரியும்வரை தழைச்சத்து (நைட்ரஜன்), மொட்டு தெரிந்த பிறகு சாம்பல்சத்து (பொட்டாஷ்). நம் பக்கம் நிலக்கடலை விளையும் பூமி என்பதால் கடலைப் புண்ணாக்கு கிடைப்பதில் சிரமமில்லை. ஒரு கைப்பிடியை ஒரு லிட்டர் நீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு நீர் சேர்த்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வேரடியில் ஊற்றலாம். நாற்றம் அண்டை வீட்டுக்கும் போகும் என்பதை முன்பே சொல்லி வைப்பது நல்லது. பஞ்சகவ்யம் தெளிப்பவர்கள் லிட்டருக்கு 30 மி.லி. என்ற அளவைத் தாண்ட வேண்டாம். ரசாயன உரம் பயன்படுத்துபவர் மொட்டுப் பருவத்தில் யூரியாவைத் தொடவே கூடாது: இலை கொழுக்கும், தண்டு மெலியும், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி விருந்துக்கு வரும். மொட்டில் நிறம் தெரிந்ததும் எல்லா உரத்தையும் நிறுத்திவிடுங்கள்.

மழை மாதங்கள்

புரட்டாசி இடிமழையோடு சோதனை தொடங்கும், ஐப்பசி கார்த்திகையில் முற்றும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதையும், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறித் திருவண்ணாமலை வரை கொட்டித் தீர்த்ததையும் பார்த்த பிறகு, மழை நமக்கு வராது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மொட்டு வரும் முன்பே ஒவ்வொரு செடிக்கும் ஒரு மூங்கில் குச்சியை ஊன்றி, வாழைநாரால் தளர்வாக எட்டுப்போட்டுக் கட்டுங்கள். பாத்தியின் நான்கு மூலையிலும் கழி நட்டுச் சுற்றிலும் இரண்டு வரிசைக் கயிறு ஓட்டுவது இன்னும் வேகமான வழி. மழை விட்டதும் வாய்க்காலைப் பாருங்கள். அரை நாளுக்கு மேல் தண்ணீர் நின்றால் மண்வெட்டியால் வழி வெட்டி விடுங்கள். இரண்டு நாள் நீரில் நின்ற வேர் அழுகிப்போகும். அப்போது மேலே வெயில் வந்ததும் செடி வாடும். வாட்டத்தைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினால் கதை முடிந்தது. வாடிய செடிக்குத் தண்ணீர் விடும் முன் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அது வேரழுகல், தாகமில்லை.

தொட்டிகளுக்கு அடியில் செங்கல் துண்டு வைத்து உயர்த்துங்கள். பூத்த தொட்டி மழையில் நனைந்தால் சாய்த்துப் பிடித்து லேசாக உதறுவது, காய்ந்த பூவை உடனே கிள்ளி எடுப்பது, இவ்வளவுதான்.

பூச்சியும் நோயும்

மழை விட்டு மேகமூட்டமாக இருக்கும் நாள்களில் மொட்டுக்குக் கீழே, கழுத்துப் பகுதியைப் பாருங்கள். கருப்பு எள்ளைத் தூவியதுபோல அசுவினி அடையாக ஒட்டியிருக்கும். அங்கே எறும்பு ஏறி இறங்கினால் அதுவே துப்பு. முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், பாதி போய்விடும். மீதிக்கு லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். வேப்பங்கொட்டைச் சாறு தயாரிக்கப் பொறுமை உள்ளவர்களுக்கு லிட்டருக்கு 50 கிராம் பருப்பு. இடித்து, இரவு ஊறவைத்து, வடிகட்ட வேண்டும். வறண்ட நாள்களில் இலை மங்கிப் பொடிப்புள்ளி விழுந்தால் அடியில் செம்பேன் இருக்கும். இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்காவிட்டால் பயனில்லை.

கீழ் இலைகளில் கரும்புள்ளி தோன்றி மேலே ஏறினால் இலைப்புள்ளி நோய். புள்ளி விழுந்த இலைகளைப் பறித்துக் குப்பையில் போடுங்கள், எருக்குழியில் வேண்டாம். பூவாளியால் தலையில் ஊற்றுவதை நிறுத்தி வேரடியில் மட்டும் ஊற்றினாலே பாதி குறையும்.

சாமந்தி வைத்தால் தோட்டத்தில் பூச்சியே வராது என்று சிலர் நம்புகிறார்கள். பூச்சிக்கொல்லியாகப் பயன்படும் பைரித்ரம் இந்தச் செடியின் உறவினரிடமிருந்து வருகிறது. நம் மாலைச் சாமந்தி அந்தச் செடியல்ல. சாமந்தி இலைச்சாறு சிலருக்குத் தோலில் அரிப்பைத் தரும், அவர்கள் கையுறை போட்டுக்கொள்ளட்டும். வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் இலையைக் கடிக்க விடாதீர்கள்.

பறிப்பு

வெயில் ஏறும் முன், பனி காய்ந்ததும் பறியுங்கள். மாலைக்கு என்றால் முழுதும் விரிந்த பூ, காம்பு ஒட்ட. ஜாடியில் வைக்க என்றால் தண்டோடு வெட்டி, கீழ் இலைகளை உருவிவிட்டு உடனே தண்ணீரில் வையுங்கள். இலை நீருக்குள் இருந்தால் தண்ணீர் நாறும். பறிக்கப் பறிக்கத்தான் அடுத்த மொட்டு விரியும், ஆகவே சாமிக்கு வைத்தது போக அக்கம்பக்கத்தாருக்கும் கொடுங்கள்.

நல்ல பூ விட்ட செடிக்கு அப்போதே வண்ணக் கயிறு கட்டி அடையாளம் வையுங்கள். தை முடிந்ததும் எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரியும்.

கோடையைக் கடத்துதல்

மாசியில் பூ ஓய்ந்ததும் தண்டுகளை அரை அடி உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். அடையாளம் வைத்த செடிகளில் நான்கைந்தைப் பெயர்த்து, புதிய மண் கலவையில் தொட்டிக்கு மாற்றுங்கள். பாத்தியிலேயே விட்டால் மறுதாம்புப் பூ (வெட்டிய அடியிலிருந்து மறுபடி துளிர்த்து வரும் பூ) கொஞ்சம் கிடைக்கும், ஆனால் முதல் பூவின் பாதிகூட இருக்காது.

பங்குனி தொடங்கி ஆனி வரை அந்தத் தொட்டிகள் காலை வெயில் மட்டும் விழும் இடத்தில் இருக்க வேண்டும். மொட்டை மாடியானால் நிழல்வலைக்கு அடியில், தரை சூடு ஏறாமல் செங்கல் மேல். காய்ந்த இலையைக் கொண்டு மண்ணை மூடுங்கள். காலையில் ஒரு தண்ணீர். கடும் வெயில் நாளில் மாலையிலும். உரம் வேண்டாம். இந்த மாதங்களில் செடி வளர வேண்டியதில்லை, இருந்தால் போதும். மொட்டு எட்டிப் பார்த்தால் இரக்கப்படாமல் கிள்ளிவிடுங்கள்.

வைகாசியில் ஒரு கோடை மழை விழுந்ததும் அடியிலிருந்து புதுத் தளிர்கள் கிளம்பும். அப்போது ஒரு கை புண்ணாக்குக் கரைசல் கொடுத்தால் மூன்று வாரத்தில் குச்சிக்கு ஏற்ற இளந்தண்டுகள் தயார். ஒரே தாய்ச்செடியை மூன்றாம் ஆண்டுக்கு மேல் வைத்திருக்காதீர்கள். அடுத்த நடவையும் அதே பாத்தியில் போடாமல், அங்கே கீரையோ வெங்காயமோ போட்டுவிட்டுச் சாமந்தியை வேறு பாத்திக்கு மாற்றுங்கள்.